எலக்ட்ரான் தாவும் நேரத்தை எக்ஸ் கதிர் எப்படி அளக்கிறது?

கேள்வி இது: சாயம் ஏற்றிய சூரிய மின்கலத்தில், சாய மூலக்கூறு போன்ற ஒன்றிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடுக்கு எலக்ட்ரான் 3 ஃபெம்டோ நொடிக்குள் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு) போய்விடுகிறது என்று 2002-இல் எக்ஸ் கதிர் நிறமாலையை வைத்துச் சொன்னார்கள். அவ்வளவு குறுகிய எக்ஸ் கதிர்த் துடிப்பு அப்போது கிடையாது. பிறகு எப்படி அளந்தார்கள்? அந்த எண்ணை நிஜ மின்கலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். கடிகாரம் ஒளி மூலத்தில் இல்லை, அணுவுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு நேரடியான ஆமாம், இல்லை கிடையாது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கேள்வி. அதைப் புரிந்துகொள்ள முதல் பாதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1991-இல் ஓ'ரீகனும் கிரேட்சலும் வெளியிட்ட மின்கலத்தின் அடிப்படை இதுதான். டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. எலக்ட்ரான்கள் இருக்க முடியாத அதன் ஆற்றல் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது அனேகமாக உறிஞ்சாது. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சாயம் உறிஞ்சும். உறிஞ்சியதும் சாயத்தின் எலக்ட்ரான் ஒரு மேல் ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைக்கு) ஏறும், அங்கிருந்து குறைக்கடத்தியின் கடத்து பட்டைக்குள், அதாவது அந்த இடைவெளிக்கு மேலே உள்ள காலி நிலைகளுக்குள் இறங்கும். இறங்கத் தாமதமானால் எலக்ட்ரான் சாயத்துக்குள்ளேயே பழைய இடத்துக்கு விழுந்துவிடும், உறிஞ்சிய ஆற்றல் வீண். ருத்தேனியம் சாயங்களுக்கு அந்த அவகாசம் பல பத்து நானோ நொடிகள் (ஒரு நானோ நொடி என்பது பத்து லட்சம் ஃபெம்டோ நொடி). எனவே தாவல் அதைவிடப் பல மடங்கு வேகமாக நடக்க வேண்டும். எவ்வளவு வேகம், எந்த ஆர்பிட்டாலிலிருந்து, எந்த அணுக்களின் வழியாக என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

லேசரை வைத்தும் இதை அளக்கலாம், நிறையப் பேர் அளந்திருக்கிறார்கள். ஆனால் கண்ணுறு ஒளியிலும் அகச்சிவப்பிலும் சாயத்தின் சிக்னலும் குறைக்கடத்தியின் சிக்னலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எக்ஸ் கதிரில் அந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு தனிமத்தின் உள்கூட்டு எலக்ட்ரானுக்கும் தனித்தனி பிணைப்பு ஆற்றல் உண்டு. கார்பனின் 1எஸ் (அணுக்கருவுக்கு மிக அருகில் உள்ள கூட்டின் எலக்ட்ரான்) சுமார் 285 எலக்ட்ரான் வோல்ட், நைட்ரஜன் 400, ஆக்சிஜன் 530, டைட்டானியத்தின் 2பி சுமார் 459. டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜன் இல்லை, சாயத்தில் இருக்கிறது. எக்ஸ் கதிரை 400-க்குப் பக்கத்தில் வைத்தால் நைட்ரஜனின் உள்கூட்டில் நடப்பது எல்லாம் மூலக்கூறின் கதைதான். ஒரு குறிப்பிட்ட அணுவின் மேல் நின்றுகொண்டு எலக்ட்ரான் எங்கே போகிறது என்று பார்க்க முடிவது இந்த முறையின் பெரிய பலம்.

நேரத்தை அளப்பதற்கு முன்னால் மூலக்கூறு மேற்பரப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பலர் இந்தப் படியை அவசரமாகக் கடக்கிறார்கள், பிறகு தாவல் நேரத்துக்கு விளக்கம் சொல்லத் திணறுகிறார்கள். மேலே சொன்ன 2002 ஆய்வில் முழுச் சாயத்தை எடுக்கவில்லை. என்3 என்ற புகழ்பெற்ற ருத்தேனியம் சாயத்தின் ஒரு துண்டான பை-ஐசோநிகோட்டினிக் அமிலத்தை எடுத்தார்கள். இரண்டு பிரிடின் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி. சாயம் ஆக்சைடைப் பிடித்துக்கொள்வது இந்தத் தொகுதிகளால்தான். துண்டு சிறியது என்பதால் மீவெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி, ரூட்டைல் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின் (110) முகத்தில் ஓர் அடுக்காகவோ பல அடுக்குகளாகவோ படிய வைக்க முடியும். முழுச் சாயத்தைச் சூடாக்கினால் ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும். அதற்கு மின்தெளிப்பு முறை பின்னால் வந்தது. கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து, படிப்படியாக வெற்றிட அறைகள் வழியே மூலக்கூறை உள்ளே கொண்டுபோவார்கள்.

சரி, ஒட்டியிருக்கும் விதத்தை எப்படிப் பார்ப்பது? ஆக்சிஜன் 1எஸ்-இன் ஒளிமின் நிறமாலையை, அதாவது எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பதிவை எடுத்தால் போதும். பல அடுக்குகள் இருக்கும்போது கார்பாக்சிலிக் தொகுதியின் இரண்டு ஆக்சிஜன்களும் இரண்டு தனி உச்சிகளாகத் தெரியும். ஒன்று கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது. இன்னொன்று ஹைட்ரஜனைச் சுமப்பது, அது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று அதிகமான பிணைப்பு ஆற்றலில் நிற்கும். ஒற்றை அடுக்குக்கு வந்தால் இந்த இரண்டும் மறைந்து, நடுவில் ஒரே உச்சி வரும், அதன் பக்கத்தில் ஆக்சைடின் பெரிய உச்சி. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்றால், ஹைட்ரஜன் கழன்று, இரண்டுமே டைட்டானியம் அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஒரே ஒரு நிறமாலையில் இவ்வளவும் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் உறிஞ்சல் நிறமாலை. இதில் எக்ஸ் கதிரின் ஆற்றலை 397-இலிருந்து 410 வரை மெல்ல நகர்த்துவோம். நைட்ரஜனின் 1எஸ் எலக்ட்ரான் எந்தெந்தக் காலி ஆர்பிட்டாலுக்கு ஏற முடியுமோ அங்கெல்லாம் உறிஞ்சல் கூடும். முதலில் லூமோ (காலி ஆர்பிட்டால்களில் மிகக் கீழே உள்ளது), பிறகு அதற்கு மேலே உள்ளவை. கதிரின் மின்புலத் திசையைத் திருப்பிப் பார்த்தால் வளையத்தின் சாய்வும் தெரியும், ஏனென்றால் வளையத்தின் மேலும் கீழும் நீண்டிருக்கும் பை ஆர்பிட்டாலுக்கான உறிஞ்சல், மின்புலம் வளையத் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். நைட்ரஜனின் 1எஸ் எலக்ட்ரானை மேலே அனுப்பிவிட்டால் கீழே ஒரு துளை இருக்கும். அது அதிக நேரம் நீடிக்காது. மேலிருந்து ஒரு எலக்ட்ரான் அந்தத் துளையை நிரப்பும், மிஞ்சிய ஆற்றலை வாங்கிக்கொண்டு இன்னொரு எலக்ட்ரான் வெளியே பாயும். இதுதான் ஓஷே சிதைவு. நைட்ரஜன் 1எஸ் துளையின் சராசரி ஆயுள் 5 முதல் 6 ஃபெம்டோ நொடி. ஆக்சிஜனுக்கு சுமார் 4. இந்த எண்களை நிறமாலைக் கோட்டின் அகலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். 6 ஃபெம்டோ நொடி ஆயுள் என்றால் அகலம் சுமார் 0.11 எலக்ட்ரான் வோல்ட். 6 ஃபெம்டோ நொடியில் ஒளியே 2 மைக்ரோமீட்டர்கூடப் போகாது.

மேலே அனுப்பப்பட்ட எலக்ட்ரானுக்கு இப்போது இரண்டு வழிகள். துளை நிரம்பும் வரை மூலக்கூறிலேயே இருக்கலாம். அல்லது அதற்குள் குறைக்கடத்திக்குத் தாவிவிடலாம். அடியில் இரண்டு ஓட்டைகள் உள்ள பானையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டையின் ஒழுகும் வேகம் நமக்குத் தெரியும். இரண்டின் வழியாகவும் ஒழுகிய தண்ணீரைத் தனித்தனியாகப் பிடித்து அளந்தால், மற்ற ஓட்டையின் வேகம் கணக்கில் வந்துவிடும். ஸ்டாப்வாட்ச் தேவையே இல்லை. சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் எக்ஸ் கதிர்த் துடிப்பு பல பத்து பிகோ நொடி நீளம் (ஒரு பிகோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி), அதாவது அளக்கும் நிகழ்வைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு நீளம். இருந்தும் இந்த முறை வேலை செய்வது இதனால்தான்.

எலக்ட்ரான் மூலக்கூறில் இருந்ததா, போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? வெளியே வரும் எலக்ட்ரானின் ஆற்றலைப் பார்த்துத்தான். மேலே ஏறிய அதே எலக்ட்ரான் ஓஷே சிதைவில் தானே பங்கெடுத்தால், கடைசியில் மூலக்கூறில் மிஞ்சுவது வெளிக்கூட்டில் ஒரே ஒரு துளை. சாதாரண ஒளிமின் உமிழ்விலும் முடிவு அதேதான். அதனால் இது வெளிக்கூட்டு உச்சிகளின் மேலேயே ஏறி, அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும். இதைப் பங்கேற்புச் சிதைவு என்பேன். ஏறிய எலக்ட்ரான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க, வேறு இரண்டு எலக்ட்ரான்கள் சிதைவை நடத்தினால் அது பார்வையாளர் சிதைவு. எலக்ட்ரான் ஏற்கெனவே குறைக்கடத்திக்குப் போய்விட்டிருந்தால் மிஞ்சுவது வழக்கமான ஓஷே சிதைவு, மூலக்கூறில் இரண்டு துளைகள்.

ஆய்வுக்கூடத்தில் இது ஒரு படமாகத் திரையில் வரும். எக்ஸ் கதிரின் ஆற்றலைச் சிறு சிறு படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வெளிவரும் எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றலைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் அடுக்கி ஒரு வரைபடமாக்குவார்கள். பங்கேற்புச் சிதைவு, கதிரின் ஆற்றல் ஏற ஏறத் தானும் ஏறி, குறுக்காக ஓடும் கோட்டில் வரும். வழக்கமான ஓஷே எலக்ட்ரானின் இயக்க ஆற்றலோ மாறாது, அது நேர்கோடாக நிற்கும். பல அடுக்கு மாதிரியின் படத்தில் லூமோவுக்கும் அதற்கு மேலே உள்ள ஆர்பிட்டால்களுக்கும் உரிய ஆற்றல்களில், குறுக்குக் கோட்டின் மேல் பிரகாசமான திட்டுகள் தெரியும். ஒற்றை அடுக்கின் படத்தில் லூமோவின் திட்டு அப்படியே இருக்கும், மேல் ஆர்பிட்டால்களின் திட்டுகள் காணாமல் போயிருக்கும். பங்கெடுக்க வேண்டிய எலக்ட்ரான் அங்கே இல்லை, ஆக்சைடுக்குள் போய்விட்டது.

கணக்கு எளிது. பல அடுக்கில் எலக்ட்ரான் தாவ வழியில்லை என்று எடுத்துக்கொண்டு, அதன் பங்கேற்புச் சிக்னலை முழு அளவாக வைப்போம். ஒற்றை அடுக்கில் அதில் எவ்வளவு பங்கு மிஞ்சுகிறதோ, அதை மிஞ்சாத பங்கால் வகுத்து, துளையின் ஆயுளால் பெருக்கினால் தாவல் நேரம். ஆயுள் 6 ஃபெம்டோ நொடி என்று வைத்துக்கொண்டால், பாதி மிஞ்சினால் தாவல் நேரமும் 6. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் 3. பத்தில் ஒன்பது பங்கு மிஞ்சினால் 54. சிக்னல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டால் குறிப்பிட்ட எண் சொல்ல முடியாது, 'இதைவிடக் குறைவு' என்று ஒரு மேல்வரம்பு மட்டுமே சொல்லலாம். நீங்கள் படித்த 3 ஃபெம்டோ நொடி அப்படிப்பட்ட மேல்வரம்புதான். தாவல் நேரம் 3 என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, 3-க்கும் குறைவு என்று சொன்னது.

இதே காரணத்தால் இந்தக் கடிகாரத்துக்கு ஒரு எல்லை உண்டு. துளையின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரைதான் நம்பகமாக அளக்கலாம். பிகோ நொடியில் நடக்கும் தாவல் இதன் கண்ணில் படாது. இன்னும் வேகமானவற்றுக்கு ஆயுள் குறைந்த துளை ஒன்றைத் தேட வேண்டும். 2005-இல் ருத்தேனியம் உலோகத்தின் மேல் ஒட்டிய கந்தக அணுவில், 2எஸ் துளையின் சுமார் அரை ஃபெம்டோ நொடி ஆயுளைக் கடிகாரமாக வைத்து, சுமார் 320 அட்டோ நொடி (0.32 ஃபெம்டோ நொடி) என்று தாவல் நேரத்தை அளந்தார்கள். அது உலோகம், குறைக்கடத்தி இல்லை. ஆனால் எந்தத் துளையைக் கடிகாரமாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது இரண்டாவது பாதி. மேலே ஒன்றைக் கவனித்தீர்களா? ஒற்றை அடுக்கிலும் லூமோவின் திட்டு அப்படியே இருந்தது என்றேன். அதாவது லூமோவுக்கு ஏறிய எலக்ட்ரான் தாவவே இல்லை. ஆனால் மின்கலத்தில் சாயத்திலிருந்து எலக்ட்ரான் தாவித்தான் மின்சாரம் வருகிறது. முரண்பாடு போலத் தெரியும், முரண்பாடு இல்லை.

காரணம் அந்தத் துளைதான். நைட்ரஜனின் 1எஸ்-இல் ஒரு துளை விழுந்தால், வெளியே இருக்கும் எலக்ட்ரான்களுக்கு அந்த அணுக்கருவின் மின்னூட்டம் ஒன்று கூடியது போல இருக்கும். நைட்ரஜன் அந்தச் சில ஃபெம்டோ நொடிகளுக்கு ஆக்சிஜன் போல நடந்துகொள்ளும். மேலே ஏறிய எலக்ட்ரானை அது பலமாகக் கீழே இழுக்கும், ஆர்பிட்டால்களின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் இறங்கும். இறங்கிய லூமோ, ஆக்சைடின் கடத்து பட்டையின் அடிமட்டத்துக்கும் கீழே, ஆற்றல் இடைவெளிக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. அங்கே அதற்கு ஈடான காலி நிலைகள் குறைக்கடத்தியில் இல்லை, எனவே தாவ இடமில்லை. லூமோவுக்கு மேலே உள்ள ஆர்பிட்டால்களும் இறங்கினாலும் பட்டைக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றிலிருந்து தாவ முடிகிறது.

சாதாரண ஒளியில் நடப்பது வேறு. அங்கே துளை இருப்பது வெளிக்கூட்டில், பல அணுக்களில் பரவி. என்3 சாயத்தில் அது பெரும்பாலும் ருத்தேனியத்தின் மேலும் தயோசயனேட்டுத் தொகுதிகளின் மேலும் இருக்கும், எலக்ட்ரான் பைபிரிடின் பக்கம் போயிருக்கும். அந்தத் துளையின் இழுப்பு மிகக் குறைவு. எனவே ஒளியால் கிளர்ந்த லூமோ பட்டைக்குள்ளேயே இருக்கும், தாவலும் நடக்கும். எக்ஸ் கதிரில் லூமோ தாவவில்லை என்று பார்த்து 'இந்தச் சாயம் வேலைக்கு ஆகாது' என்று முடிவு கட்டுவது தவறு. அதேபோல, மேல் ஆர்பிட்டாலுக்கு 3 ஃபெம்டோ நொடிக்குள் என்று வந்ததை எடுத்து, ஒளியால் கிளர்ந்த சாயத்தின் தாவல் நேரம் அதுதான் என்பதும் தவறு. என்3 சாயத்தை டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் வைத்து லேசரால் அளந்தவர்களுக்கு, ஒரு பகுதி 50 ஃபெம்டோ நொடி அளவில் தாவுவதும் மீதி பிகோ நொடிக் கணக்கில் தாவுவதும் தெரிந்தது. மெதுவான பகுதிக்கு ஒரு முக்கியக் காரணம், எலக்ட்ரான் தாவும் முன்பே சாயம் ஆற்றலை இழந்து டிரிப்லெட் என்ற ஆற்றல் குறைந்த கிளர்ந்த நிலைக்கு இறங்கிவிடுவது.

அப்படியானால் எக்ஸ் கதிர் எண்ணால் என்ன பயன்? பயன் பெரியது, ஆனால் வேறு வகையில். அது சொல்வது மூலக்கூறுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள மின்னணுப் பிணைப்பு எவ்வளவு பலமானது என்பதை. பைபிரிடின் வளையம், கார்பாக்சிலேட், டைட்டானியம் என்ற வழி 3 ஃபெம்டோ நொடிக்குள் எலக்ட்ரானைக் கடத்தும் அளவுக்குத் திறந்திருக்கிறது என்றால், அந்த இடைமுகம் தடை இல்லை. முழுச் சாயத்தில் தாவல் அதைவிட மெதுவாக இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்: எலக்ட்ரான் எந்த வளையத்தில் ஆரம்பிக்கிறது, சாயம் முதலில் ஆற்றலை இழக்கிறதா, மூலக்கூறு சரியாக ஒட்டியிருக்கிறதா. ஒட்டும் தொகுதியை மாற்றி, நடுவே ஒரு இணைப்புத் துண்டைச் செருகி, எது எவ்வளவு மாற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த முறைக்கு ஈடு குறைவு. தனி எண்ணைவிட ஒப்பீட்டை நம்புங்கள் என்பேன்.

கட்டுரைகளைப் படிக்கும்போது சிலவற்றைத் தேடிப் பாருங்கள். பிணைப்பு ஆற்றல் அளவுகோலை எதை வைத்துச் சீராக்கினார்கள்? லூமோ பட்டைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற வாதமே இதை நம்பித்தான் இருக்கிறது. ஒளிமின் நிறமாலையையும் உறிஞ்சல் நிறமாலையையும் ஒரே அளவுகோலில் வைக்கும்போது அரை எலக்ட்ரான் வோல்ட் பிசகினால் முடிவே தலைகீழாகும். மூலக்கூறு படிந்த பிறகு ஆக்சைடின் உச்சிகள் எல்லாம் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது பட்டை வளைவாகவோ (மேற்பரப்பருகே ஆக்சைடின் ஆற்றல் மட்டங்கள் ஒட்டுமொத்தமாக நகர்வது) மாதிரி மின்னூட்டம் ஏறியதாகவோ இருக்கலாம், வேதி மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேதி மாற்றம் என்றால் குறிப்பிட்ட ஓர் உச்சி மட்டும் நகரும், அல்லது உச்சியின் ஓரத்தில் புதிதாக ஒரு தோள் போன்ற மேடு முளைக்கும். உதாரணமாக, எலக்ட்ரான் போய்ச் சேர்ந்த டைட்டானியம், 2பி உச்சியின் குறைந்த பிணைப்பு ஆற்றல் பக்கம் ஒரு சிறு தோளாகத் தெரியும்.

அடுத்து, கதிரால் ஏற்படும் சேதம். கரிம மூலக்கூறுகள் எக்ஸ் கதிரின் கீழ் சிதையும், தயோசயனேட்டு போன்ற தொகுதிகள் சீக்கிரமே. வரைபடம் முழுவதும் எடுக்க நேரம் ஆகும் என்பதால், மாதிரியை நகர்த்திக்கொண்டே புதுப் புது இடங்களில் அளந்தார்களா என்பது முக்கியம். ஒற்றை அடுக்கில் சிக்னல் குறைந்ததற்குக் காரணம் தாவலா, மூலக்கூறே பாதி சிதைந்துவிட்டதா என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்காத அளவீடுதான் நல்ல அளவீடு. லூமோ இடைவெளிக்குள் இருக்கும்போது அதன் சிக்னலையே உள் அளவுகோலாக வைத்து மற்றவற்றை ஒப்பிடுவது அழகான தீர்வு, ஏனென்றால் தாவ முடியாத எலக்ட்ரான் என்று நமக்கே தெரியும்.

'இன்று குறுகிய துடிப்புகள் வந்துவிட்டனவே' என்று கேட்கலாம். உண்மைதான். 2009-இல் அமெரிக்காவின் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ் கதிர் லேசர் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஃபெம்டோ நொடி எக்ஸ் கதிர்த் துடிப்புகள் கிடைக்கின்றன. லேசரால் சாயத்தைக் கிளர்த்தி, சிறிது நேரம் கழித்து எக்ஸ் கதிரால் உள்கூட்டு உச்சியைப் பார்க்கலாம். எலக்ட்ரானை இழந்த சாயத்தில் அந்த உச்சி அதிக பிணைப்பு ஆற்றலுக்கு நகரும். துத்தநாக ஆக்சைடின் மேல் என்3 சாயத்தை வைத்து இப்படி அளந்திருக்கிறார்கள். இதில் உள்கூட்டுத் துளை விழுவது பார்க்கும் நொடியில் மட்டும்தான், தாவல் நடப்பது அதற்கு முன்பே. எனவே லூமோவைக் கீழே இழுக்கும் பிரச்சினை தாவலைப் பாதிக்காது, மின்கலத்தில் நடப்பதற்கு இது நெருக்கமானது. ஆனால் ஒரு துடிப்பில் ஏராளமான ஃபோட்டான்கள் வரும்போது வெளியேறும் எலக்ட்ரான் கூட்டம் ஒன்றையொன்று தள்ளி நிறமாலையை மங்கலாக்கும். துடிப்பின் பலத்தைக் குறைத்தால் சிக்னல் சேர நேரம் பிடிக்கும், எல்சிஎல்எஸ் ஆரம்பத்தில் நொடிக்கு 120 துடிப்புகளே தந்தது. பலவீனமான துடிப்புகளை நொடிக்குப் பல ஆயிரம் தரும் புதிய இயந்திரங்களை இந்தத் துறை எதிர்பார்த்துக் காத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் கையில் ஒரு புதிய மூலக்கூறு இருந்து, எந்த முறையில் தொடங்குவது என்று யோசித்தால், முதலில் சிங்க்ரோட்ரானில் பிணைப்பையும் ஆற்றல் மட்டங்களையும் பாருங்கள், அதே நேர ஒதுக்கீட்டில் உள்கூட்டுத் துளைக் கடிகாரத்தையும் ஓட்டிவிடலாம். இடைமுகம் வேகமாகக் கடத்துகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒளியால் கிளர்ந்த நிலையின் உண்மையான நேரத்துக்கு லேசர் அளவீடு கட்டாயம் வேண்டும், அதை இதனால் ஈடுகட்ட முடியாது.